மை வட்டத்துக்கு வெளியே

காலையில் அவனே பேனாவால் ஸ்லைடின் மேல் போட்ட மை வட்டத்துக்கு வெளியே ஒரு ஊதாப் புள்ளி நின்றது.

திசுவை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவதுதான் அந்த லேப் டெக்னீஷியனின் பிழைப்பு. இன்று கண்ணாடியில் இருந்தது அவனுடைய சொந்தத் திசு. மாதக்கணக்காக அடிவயிற்றுக்குக் கீழே எரிந்த எரிச்சலுக்காக, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்தது. வெளியே தெரிந்தால் கண் காது மூக்கு வைத்துப் பேசுவார்கள் என்று எல்லா வேலையையும் தானே செய்தான்.

காலையில், எதிரெதிரே இருவர் உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் டாக்டரம்மாவும் அவனும் பார்த்தார்கள்.

“புத்து இல்ல, கிருமியும் இல்ல. இந்த ஊதாப் புள்ளியெல்லாம் டி செல். உடம்புக்குக் காவல் காக்கிற வெள்ளணு. உங்க சுரப்பியையே வெளியாள்னு நெனச்சுச் சூழ்ந்துக்கிட்டிருக்கு. ஒண்ணு அடையாளம் காட்டினா போதும், மத்ததெல்லாம் கூட்டமா வந்துடும்.”

“என்மேல அதுக்கு என்ன கோவம் டாக்டர்?”

“கோவமெல்லாம் இல்ல. அதுங்களுக்கு உங்களத் தெரியல, அவ்வளவுதான்.”

புற்று இல்லை என்ற சொல்லே வயிற்றில் பால் வார்த்தது. புள்ளிகள் மொய்த்திருந்த சுரப்பியைச் சுற்றி அப்போதுதான் அவன் அந்த வட்டத்தைப் போட்டான்.

இப்போது மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இறக்கிவிட்ட திரைக்குப் பின்னால் வெயில் மஞ்சளாகத் தேங்கியிருக்க, மெழுகைக் கரைக்கிற சைலீன் நெடி தொண்டையைக் கவ்வ, மூலையில் ஃப்ரிட்ஜ் முனகுவதும் குழாய் சொட்டுவதும் தவிர வேறு சத்தமே இல்லை. இன்னொரு தடவை பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தான். கை பிசகி வட்டத்தைச் சின்னதாகப் போட்டிருப்போம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

வெளியே ஒரு கொத்தே நின்றது.

இது ஃபார்மலினில் ஊறி, மெழுகில் வெந்த செத்த திசு. இதில் அசைய என்ன இருக்கிறது? போன் அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. மனைவிதான்.

“டாக்டர் என்னங்க சொன்னாங்க?”

“புத்து இல்லயாம்மா. வெறும் வீக்கம்தான்.”

“அப்புறம் ஏன் குரல் நடுங்குது?”

“ஏசி குளிருது.”

ஏசி ஓடவே இல்லை.

போனை வைத்துவிட்டுக் குனிந்தான். வட்டம் காலி. புள்ளிகளெல்லாம் திசுவின் ஒரு விளிம்பில் அடைத்துக்கொண்டு நின்றன. லென்ஸில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாததா? திருப்பிக் கணக்குப் போட்டான். அது அவன் உட்கார்ந்திருந்த பக்கம்.

எழுந்தான். மேசையைச் சுற்றி எதிர் நாற்காலிக்குப் போனான். கண்ணை வைத்தான்.

புள்ளிகள் இந்தப் பக்க விளிம்புக்கும் வந்திருந்தன.

அடிவயிற்றுக்குக் கீழே சுருக்கென்றது. ஒரு இடத்தில். பிறகு சுற்றிலும்.

கதவு திறந்தது. டாக்டரம்மா.

“சாப்பிடப் போகலையா? முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு!”

“டாக்டர், கொஞ்சம் பாருங்க. எனக்குத்தான் பைத்தியம்னு சொல்லிடுங்க.”

அவர் சிரித்தபடி எதிரே உட்கார்ந்து குனிந்தார். சிரிப்பு நின்றது. ஃபோகஸ் திருகை மெல்லத் திருகினார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று மேசையைச் சுற்றி ஓரடி எடுத்து வைத்தான்.

“வராதீங்க.”

கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“என்ன டாக்டர்?”

“அங்கயே நில்லுங்க. நீங்க நகர்ந்தா எல்லாம் திரும்புது.”

அவன் அசையாமல் நின்றான். உள்ளே, அடிவயிற்றுக்குக் கீழே, அவை நிற்கவில்லை.