ஐந்து மணி நேரம், நன்றி இல்லாமல்

ஈடுமானி மறுபடியும் சிவந்தது. ஓடுதளத்தில் நின்ற ஊர்தியின் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"இப்ப என்னம்மிணி நெனச்சீங்க?" பின்னிருக்கையிலிருந்து கேட்டார் நாச்சிமுத்து.

"பட்டறை வேலையெல்லாம் விட்டுப்போட்டு எனக்காக வந்திருக்கறீங்களேன்னு..." முன்னிருக்கையில் இருந்த கோகிலவாணி இழுத்தாள்.

"அதத்தான் நெனைக்காதீங்கங்கறேன்!"

பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர்களெல்லாம் வீட்டு வானூர்தி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்று இடப்பக்கம் இழுக்கும், இன்னொன்று இறங்கும்போது அடம்பிடிக்கும். அதனால் உரிமம் உள்ளவர்கள்கூட, புது ஊர்தி என்றால் அதை அறிந்தவரோடு ஐந்து மணி நேரம் பறந்து பழக வேண்டும். இந்தப் பழகுபயிற்சிக்குக் கூலி வாங்க அனுமதி தேவை. மனுப் போட்டால் மூன்று வருடம் ஆகும். இலவசமாகச் சொல்லித்தரலாம். அது இலவசம்தானா என்று பார்க்க வந்ததுதான் ஈடுமானி. இருக்கைப் பட்டை வழியே நாடி பிடித்து, உள்ளே இருப்பவர்களில் யாராவது யாருக்காவது கடமைப்பட்டதாக உணர்கிறார்களா என்று அளந்துவிடும்; உணர்ந்தால் சிவந்து எஞ்சினை நிறுத்திவிடும். நன்றியும் கூலிதான் என்றது விதி. எந்த மகராசன் எழுதினானோ!

கோகிலவாணி செவிலி. அவள் வேலை பார்த்த செம்பக்கோம்பை மலையூருக்குச் சாலை கிடையாது. போன மழையில் ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு தொட்டில் கட்டித் தூக்கிவந்தார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது. அதனால்தான் நாச்சிமுத்து கட்டிய ஊர்தியை வாங்கினாள். அடுத்த மழைக்குப் பத்தே நாள் இருந்தது.

முதல் நாள் வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனாள். சிவப்பு. மறுநாள் எதுவும் கொண்டுபோகவில்லை. அப்போதும் சிவப்பு. நல்ல காரியம் செய்கிறோம் என்று நாச்சிமுத்துவின் மனசு நிறைந்திருந்ததாம், அதுவும் கூலிக் கணக்கில் சேர்ந்தது. அதே ஓடுதளத்தில் ஒரு மனை வியாபாரி இரண்டே நாளில் பயிற்சியை முடித்துவிட்டார். அவருக்கு யார் மீதும் எந்த உணர்ச்சியும் இல்லை.

ஆறாம் நாள் நாச்சிமுத்து வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உன்னையெல்லாம் எவன் நர்ஸுக்குப் படிக்க வெச்சான்? போன வருசம் செத்தாளே, அவ உன்னாலதான் செத்தா. உனக்கு எதுக்கு ஊர்தி?"

கோகிலவாணி திரும்பாமல் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினாள். மானி பச்சையானது.

ஐந்து மணி நேரமும் அவர் வாயை மூடவில்லை. சான்றிதழ் வந்த அன்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்காமல் போய்விட்டாள். அவர் எதற்காகத் திட்டினார் என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் மனசு ஆறவில்லை.

மழை இரண்டு நாள் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மலையூரில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. கட்டணமில்லாமல் பயணிகளை ஏற்றவும் அதே விதி, அதே மானி. வலியில் துடித்த மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்த தாய் கைகூப்பினாள்.

"எங்க கொலசாமியாட்டம் வந்தியே தாயி."

சிவப்பு.

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். மகளின் உதடு வெளுத்திருந்தது.

"வாய மூடு. உம் மவ பொழச்சா என்ன, செத்தா எனக்கென்ன? மேலதிகாரி கேப்பாங்களேன்னு வந்தேன்."

தாயின் கைகள் கீழே இறங்கின. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அன்று மாலை பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அந்தத் தாய் சர்க்கரை கொடுத்தாள். கோகிலவாணி நின்ற பக்கம் மட்டும் அவள் வரவில்லை.