மலைத்தேரைக்குப் பதில்

ஸ்பீக்கரை அணைத்த பிறகும் தேரை ஒரு முறை கத்தியது.

அவன் பொத்தானைப் பார்த்தான். சிவப்பு விளக்கு அணைந்துதான் இருந்தது. வீட்டு ஜன்னலுக்கு வெளியே அந்தி மங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணும் மட்கிய இலையுமாக ஒரு வாடை கதவிடுக்கு வழியாக நுழைந்து, மேசைமேல் இருந்த கண்ணாடிக் குடுவைகளின் ஸ்பிரிட் நெடியோடு கலந்தது. குடுவைக்குள் இருந்த தேரைகள் செத்து வருடக்கணக்காகிறது. அவை கத்த வழியில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் உடன் வேலை செய்பவர்கள் அவனைத் தேரைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மலையில் இருப்பது ஒரே இனம் என்று எல்லாரும் அடித்துச் சொன்னபோது, இல்லை, இரண்டு என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். அதே பரு, அதே பழுப்பு. ஆனால் அடிவாரத்துத் தேரை நீளமாகக் கரகரக்கும். மேகம் படியும் உச்சியை விட்டு இறங்காத மலைத்தேரையோ இரண்டு முறை தட்டிவிட்டு, மூன்றாவதை மூச்சு முட்டுகிறாற்போல இழுக்கும். மகள் பிறந்த வாரம் அந்தக் குரலைப் பதிவு செய்தான். அதன்பின் அந்தத் தேரையை யாரும் பார்க்கவில்லை.

உயிரோடு ஒன்று இருந்தாலும் தன் இனத்தின் குரலுக்குப் பதில் சொல்லும். பதில் வந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். சரிவு சரிவாக ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். மலையையே சலித்தாயிற்று, ஒரு புள்ளியும் விழவில்லை. வீட்டில் இருந்தால், காற்றிரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்வதற்காக அதே பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவான். பக்கத்தில் தொட்டில். தாலாட்டே வேண்டியிருக்கவில்லை, குழந்தை அதைக் கேட்டே தூங்கிவிடும்.

நான்கு வயதாகியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காதிலும் குறையில்லை, தொண்டையிலும் குறையில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மனைவி தினமும் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா சொல்லு, அம்மா..." என்று கெஞ்சுவாள். அவனுக்கும் அந்த ஒரு சொல் போதும். தேரையெல்லாம் அப்புறம்தான்.

டொக். டொக். பிறகு அந்த இழுவை.

வீட்டுக்குள்ளிருந்துதான்.

முதலில் வந்தது சந்தோஷம். டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுப்படியில் தேடினான். தொட்டிக்கு அடியில், குளியலறைச் சாக்கடை ஓட்டையில், செருப்பு அலமாரியின் பின்னால். எங்கும் இல்லை. சுவரில் கை வைத்தான். வியர்த்து ஈரமாக இருந்தது. அப்போது மின்சாரம் போயிற்று.

டொக். டொக்.

படுக்கையறையில்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"என்னங்க, கேட்டீங்களா?"

"தேரை உள்ள வந்திருக்கு. நீ கொஞ்சம் நகரு."

"தேரையா? நம்ம பொண்ணுங்க! வாயத் திறந்துட்டாங்க!"

அவன் டார்ச்சைத் திருப்பினான்.

கட்டில்மேல் மகள் குந்தியிருந்தாள். உள்ளங்கைகள் மெத்தையில் ஊன்றியிருந்தன. முகம் ஜன்னலைப் பார்த்திருந்தது. தொண்டை உப்பியது. இன்னும் உப்பியது. தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. அது அடங்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுடா கண்ணு!" மனைவி கைதட்டினாள்.

"வேணாம். பாப்பா, வேணாம்மா."

மகள் இன்னொரு தடவை சொன்னாள்.

வெளியே ஒன்று பதில் சொன்னது. மதிலுக்கு அந்தப் பக்கம். பிறகு சாலையில் ஒன்று. பிறகு சரிவு முழுக்க, இத்தனை வருடம் அவன் காத்துக் கிடந்த அத்தனை இடத்திலிருந்தும்.

"யாரக் கூப்பிடுற, குட்டி? அம்மா இங்க இருக்கேன்ல?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். முன்பின் தெரியாதவரைப் பார்க்கும் பார்வை.

அவன் வெளிச்சத்தை ஜன்னலுக்குத் தூக்கினான். கண்ணாடியில் அடியிலிருந்து மேல்வரை, இடைவெளியே இல்லாமல், வெளுத்த ஈர வயிறுகள் ஒட்டியிருந்தன. எல்லாத் தொண்டைகளும் ஒரே நேரத்தில் உப்பின.

மகள் சிரித்தபடி எழுந்து, ஜன்னல் தாழ்ப்பாளை நீக்கினாள்.