எல்லோரும் ஒட்டிய பச்சை

வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார் என்றால் நிற்பாள், நில் என்றால் ஓடுவாள். இன்றைக்கோ அவளுக்குக் கொஞ்சமும் இருப்புக் கொள்ளவில்லை.

பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்த விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் அம்மா மேசை போட்டிருந்தாள். அம்மா வேலை செய்வது ஒரு தொண்டு நிறுவனத்தில். ஆடு, கோழியைக் கொல்லாமலே இறைச்சியின் ருசியோடு சாப்பிடலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்வதுதான் அவர்கள் வேலை. பட்டாணியிலும் சோயாவிலும் செய்வது ஒரு வகை. கோழியிடமிருந்து கண்ணுக்குத் தெரியாத செல்களை எடுத்துத் தொட்டியில் வளர்ப்பது இன்னொரு வகை.

"அப்ப அந்தக் கோழி என்ன பண்ணும்?" என்று பம்பரம் ஒருமுறை கேட்டாள்.

"அது பாட்டுக்கு மேய்ஞ்சுக்கிட்டிருக்கும்" என்றாள் அம்மா.

அந்தப் பதில் பம்பரத்துக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இன்று மேசையில் இருந்தது பட்டாணி வகை, இரண்டு தட்டுகளில். ஒன்றில் வட்டத் துண்டுகள். மாதக்கணக்காகக் கலந்து, பொரித்து, மறுபடி கலந்து அம்மாவே கண்டுபிடித்தது. இன்னொன்றில் நீளத் துண்டுகள். அது அம்மாவின் அலுவலகத் தோழி செய்தது. தின்று பார்த்தவர்கள் பலகையில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு.

பந்தாட்டம் முடிந்ததும் பள்ளிக் கேன்டீன்காரர் வருவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திங்கட்கிழமை முதல் பள்ளியில் போடுவார். "பிள்ளைங்க சாப்பிடலைன்னா அதோட சரி. அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்.

பலகை முழுக்கப் பச்சை. அதிலும் வட்டத்துக்குத்தான் அதிகம்.

"பார்த்தியாடி!" அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பம்பரம் குப்பைக்கூடையைப் பார்த்தாள். காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போடுகிறவள் அவள்தானே! கூடை நிறைய வட்டத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. நீளத்தில் ஒரு துணுக்குகூட அங்கே இல்லை.

காலையில் அவளே வட்டத்தைத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளினாள். "பிரமாதம்மா" என்றும் சொல்லி வைத்தாள்.

மாற்றாள் இறங்கியதால் வெளியே வந்த கோல்கீப்பர் பையன் ஒருவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். வட்டத்தை எடுத்துக் கடித்தான். அம்மா சிரித்த முகத்தோடு அவன் வாயையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு, கண்ணா?"

பையன் மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.

"சூப்பர் ஆன்ட்டி!"

பச்சையை ஒட்டினான். நேரே கூடைக்குப் போனான். அங்கே பம்பரத்தைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான்.

"பிடிக்கலைல்ல? பின்ன ஏன் பச்சை ஒட்டினே?"

"உங்கம்மா அப்படிச் சிரிக்கிறாங்க. சிவப்பை எப்படி ஒட்டறது? பாவம்ல!"

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சொன்னால் அம்மா முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக் கூடை நிறையும், அம்மாவின் உழைப்பெல்லாம் வீண். பம்பரம் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்த மரத்துக்குப் பின்னாடி வா."

"மேசையை யாரு பார்த்துக்கிறது?"

"யாரும் பார்த்துக்க வேண்டாம். நீ எதிர்ல நின்னா, பிடிக்கலைன்னு சொல்ல யாருக்கும் வாய் வரலம்மா."

அம்மா முறைத்தாள். ஆனால் வந்தாள். பம்பரம் பலகையைத் திருப்பி வைத்து, இரண்டு தட்டுகளையும் நிரப்பிவிட்டு ஓடிவந்து ஒளிந்தாள்.

ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து மொய்த்தார்கள். நீளத்தை எடுத்தவர்கள் திரும்ப வந்து எடுத்தார்கள். வட்டத்தை ஒரு கடி கடித்தவர்கள் கூடையைத் தேடினார்கள்.

கேன்டீன்காரரும் வந்தார். வட்டத்தைக் கடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நைசாகக் கூடையில் போட்டார். நீளத்தில் ஒன்று தின்றார், இன்னொன்று தின்றார். மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பரத்துக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

அம்மா மெல்ல எழுந்து மேசைக்குப் போனாள். "நீளத்தையே போடுங்க சார்."

"வட்டமும் நல்லாத்தான் மேடம்..."

"கூடையைப் பார்த்துட்டேன் சார்."

அவர் அசடு வழியச் சிரித்தார். "அப்ப திங்கட்கிழமை நீளமே வரட்டும்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கேட்டாள். "உண்மையைச் சொல்லு. உனக்கு வட்டம் எப்படி இருந்துச்சு?"

"ரப்பர் மாதிரி இருந்துச்சும்மா."

அம்மா நடுத்தெருவில் நின்றாள். அப்புறம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா? சரி, நாளைக்கு மறுபடி கலக்கறேன். நீதான் முதல்ல கடிக்கணும்."

"கடிக்கிறேம்மா. ஆனா அப்ப நீ பக்கத்து ரூம்ல இருக்கணும்!"