திரையைப் பிடித்திருப்பது யார்?

காலையிலிருந்து மூன்று தடவை மர்வாவின் உம்மா ஸரீனா ஃபோனைக் கையில் எடுத்தார். மூன்று தடவையும் எதையும் அனுப்பாமல் கீழே வைத்துவிட்டார்.

அனுப்ப வேண்டியது ஒரேயொரு படம். மர்வாவின் ராத்தா, அதாவது அக்கா மபாஸா, கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருக்கும் படம். அதற்காகக் காத்திருப்பவர் வாப்பா பதுர்தீன். அவருக்குக் கட்டாரில் வேலை. எவ்வளவோ கேட்டும் லீவு கிடைக்கவில்லை. மூத்த மகளின் கல்யாணத்தன்று ஃபோனில்தான் துஆ கேட்டு வாழ்த்தினார். பாதியில் அவர் குரல் உடைந்து போனதை மர்வா இன்னும் மறக்கவில்லை.

இன்று மாலை, இலங்கை நேரப்படி நாலரை மணிக்கு, வாப்பாவைப் பாலைவனத்தில் உள்ள ஒரு வேலையிடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே சிக்னல் கிடையாது. திரும்பி வர ஒரு மாதமாகும்.

"அனுப்புங்களேன் உம்மா" என்றாள் மர்வா.

"எப்படி அனுப்புறது மகள்? இது பொம்பளைங்க பக்கத்துப் படம். நடுவுல எத்தனை பேர் கண்ணுல படுமோ, யாருக்குத் தெரியும்?"

உம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. மாத்தளையில் கல்யாணம் நடந்த மண்டபத்தை ஒரு பச்சைத் திரை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். அந்தப் பக்கம் அந்நிய ஆண் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் மாமிமாரும் சாச்சிமாரும் முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்து மகிழ்ந்தார்கள். உள்ளே வந்த எல்லோருடைய ஃபோனும் வாசலிலேயே ஒரு கூடைக்குள் போய்விட்டது. வாப்பாவுக்காக உம்மாவின் ஃபோனுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதில் இப்போது நாற்பத்து மூன்று படங்கள் இருந்தன.

திரையைப் பிடித்துக் கொண்டு காவல் நின்றது யார் தெரியுமா? பதினொரு வயது மர்வாதான். மாப்பிள்ளையின் தம்பி இரண்டு தடவை எட்டிப் பார்க்க வந்தான்.

"வட்டிலப்பம் வெளியில வரும், நீங்க உள்ள வராதீங்க" என்று இனிப்புக்கு அலைந்த அவனைத் திருப்பி அனுப்பினாள். பொல்லாத காவல்காரி!

மூன்று மணிக்கு, மர்வா நானா என்று கூப்பிடும் அண்ணன், பெரியம்மாவின் மகன் ஸஜ்ஜாத் வந்தான். பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவன். சொந்தத்தில் யாருடைய ஃபோன் பழுதானாலும் அவனிடம்தான் போகும். அவற்றில் சில திரும்பியும் வரும்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்தான். "இதுக்கா பயப்படுறீங்க சாச்சி? ஒரு விபிஎன் போட்டா முடிஞ்சிச்சு."

"அது குடிக்கிறதா, பூசுறதா?" என்று கேட்டார் உம்மா.

"மருந்து இல்ல சாச்சி. இன்டர்நெட்டுக்குள்ள நமக்குன்னு ஒரு மூடின பாதை. நம்ம ஃபோன்ல இருந்து போறதை வழியில யாரும் எட்டிப் பார்க்க ஏலாது. மண்டபத்துல போட்ட திரை மாதிரி. இந்தா, சும்மாவே கிடைக்குது."

பேச்சோடு பேச்சாக ஃபோனில் அதை இறக்கியும் விட்டான். உம்மாவின் முகத்தில் காலைக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது.

ஃபோன் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஆங்கிலத்தில் இருந்ததை மர்வா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இந்த ஃபோன்ல இருக்கிற படங்களைப் பார்க்க விடுவீங்களான்னு கேக்குது நானா."

"எல்லாம் அப்படித்தான் கேக்கும். 'ஓகே'யை அமத்து."

மர்வாவின் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது. அவளுக்குக் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. அன்று வெளியில் இருந்த யாராலும் உள்ளே பார்க்க முடியவில்லை. ஆனால் அவள் பார்த்தாள். றுஸைனா மாமி கூந்தலை அவிழ்த்துக் கட்டியதையும், ராத்தா வாப்பாவை நினைத்து யாருக்கும் தெரியாமல் அழுததையும் அவள் பார்த்தாள். திரையைப் பிடித்திருந்தவள் அவள் அல்லவா? எல்லாமே அவள் கண்ணில் பட்டன.

"நானா, இந்தத் திரையைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

"என்ன?"

"இதை நடத்துற ஆள் யாரு? எந்த ஊரு?"

ஸஜ்ஜாத் தேடினான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். பேர் இல்லை, விலாசமும் இல்லை. "நாலு நட்சத்திரம் கொடுத்திருக்காங்களே" என்றான் மெதுவாக.

"நட்சத்திரம் இருக்கட்டும். ஆள் யாருன்னு தெரியல்லையே. பாதையை மறைக்கிறவருக்கு நம்ம படமெல்லாம் எதுக்கு நானா? மாமிமார் நம்மள நம்பித்தானே அப்படி இருந்தாங்க."

ஸஜ்ஜாத் தலையைச் சொறிந்தான். "எங்க வாப்பாட வேலையிடத்துலயும் விபிஎன் இருக்கு. ஆனா அது கம்பெனி கொடுத்தது, யாருன்னு தெரியும். இது... எனக்கே தெரியாது."

மர்வா 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். பிறகு அதை ஃபோனில் இருந்தே அழித்தாள்.

உம்மாவின் முகம் மறுபடி வாடியது. மணி நாலு ஆகப் போகிறது. "அப்ப அந்த மனுஷன் மகளைப் பார்க்காமலே போகணுமா?"

மர்வா மணிக்கூட்டைப் பார்த்தாள். செய்தது சரிதான். ஆனால் சரியைச் செய்துவிட்டு வாப்பாவை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியுமா?

"நானா, விபிஎன் இல்லாம அனுப்பினா வழியில திறந்து பார்ப்பாங்களா?"

"இல்ல. நாம வாப்பாவோட பேசுற ஆப்ல படம் பூட்டிக்கிட்டுத்தான் போகும். அவர் ஃபோன்லதான் திறக்கும். அதை நான் மறந்தே போனேன்." ஸஜ்ஜாத்தின் காது சிவந்துவிட்டது.

"அப்ப வழியில பயமில்ல. வாப்பா பக்கத்துல யாரு இருப்பாங்க உம்மா?"

"ஒரு அறையில பத்துப் பேரு. ஒருத்தர் ஃபோனை ஒருத்தர் எடுத்துப் பார்ப்பாங்க."

திரை இல்லாத இடம் வாப்பாவின் பக்கம்தான் என்று மர்வாவுக்கு இப்போது புரிந்தது. முதலில் உக்குவளையில் மாப்பிள்ளை வீட்டில் இருந்த ராத்தாவை அழைத்தாள்.

"ராத்தா, நீங்க தனியா இருக்கிற படம் ஒண்ணை வாப்பாவுக்கு அனுப்பட்டா? மத்தவங்க இருக்கிற படம் எதுவும் போகாது."

"அனுப்பு தங்கச்சி. நான் அழகா இருக்கிறதாப் பார்த்து அனுப்பு."

ஒரு தடவை மட்டும் திறந்து பார்க்கும்படி படம் அனுப்பலாம், மூடினால் அது மறைந்துவிடும் என்று ஸஜ்ஜாத் காட்டிக் கொடுத்தான். மர்வா வாப்பாவை அழைத்தாள். பின்னால் பஸ் இரைச்சலும் ஆட்களின் பேச்சும் கேட்டன.

"வாப்பா, நீங்க தனியா ஒரு இடத்துக்குப் போங்க."

"ஏன் மகள்? எல்லாரும் பஸ்ஸுல ஏறுறாங்க."

"ராத்தாட படம் அனுப்புறேன். இங்க நான் திரையைப் பிடிச்சிட்டேன். அங்க நீங்கதான் பிடிக்கணும். ஒரு தடவைதான் பார்க்கலாம். போதுமா வாப்பா?"

வாப்பா வேகமாக நடக்கும் செருப்புச் சத்தம் வந்தது. பிறகு இரைச்சல் குறைந்தது.

"தண்ணித் தாங்கிக்குப் பின்னால வந்துட்டேன். யாரும் இல்ல. அனுப்புங்க."

உம்மா இறைவன் பேரில் பிஸ்மி சொல்லி, தன் கையாலேயே அனுப்பினார்.

ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. தூரத்தில் பஸ் ஹோர்ன் அடித்தது. உம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

"பார்த்துட்டீங்களா வாப்பா?" என்று மர்வா மெல்லக் கேட்டாள்.

"இன்னும் மூடல்ல மகள்" என்றார் வாப்பா. "மூடினாப் போயிருமே."

ஹோர்ன் மறுபடி அடித்தது.

"மெதுவாப் பாருங்க வாப்பா" என்றாள் மர்வா. "நான் இங்கதான் நிக்கிறேன்."