பதினான்காம் இருக்கை

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி ஆனதும் நிலாப்பாளையத்தில் எண்ணூறு வயிறுகள் ஒரே நேரத்தில் பேசும். "ஐந்து நாள் காவல் முடிந்தது. சனி, ஞாயிறு தங்கள் பொறுப்பு" என்று மரியாதையாக ஆரம்பித்து, அதனதன் சொந்தக்காரரின் கிலோவையும் கிராமையும் நாலு பேர் காதில் விழும்படி அறிவிக்கும். சுரங்க வாசலா, குளியலறையா என்றெல்லாம் பார்க்காது. வரிசையில் நிற்பவர்கள் தங்கள் எண்ணைக் கேட்டு வெட்கப்படுவதோடு சரி. பக்கத்தில் நிற்பவரின் எண்ணைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

வயிற்றுக்குள் இருந்து பேசும் அந்தக் கருவிக்கு உதரமணி என்று பெயர். நிலாவில் இறங்கிய அன்றே இரைப்பையின் ஓரத்தில் பொருத்திவிடுவார்கள். நிலாவில் எல்லோருக்கும் எடை ஆறில் ஒரு பங்குதான். தொந்தி வைத்தவர்கள்கூட முயல்குட்டி மாதிரி துள்ளி நடப்பார்கள். ஆனால் உடம்பின் நிறை அங்கேயும் அதேதான். பூமிக்குத் திரும்பும் கலத்துக்கு அந்த நிறைதான் முக்கியம். அறுபது கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் இருக்கை கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை கூழ்க்குழாயில் வருவதைத் தவிர வேறு எதை விழுங்கினாலும் உதரமணி வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். தொழிலாளர்கள் எட்டு மாதம் போராடி வாங்கிய ஒப்பந்தத்தால் சனியும் ஞாயிறும் மட்டும் அது வாயால் எச்சரிக்கும், தடுக்காது. அந்த இரண்டு நாளும் வயிறு அவரவர் சொந்தம்.

"நாச்சிமுத்து அவர்களே, ஐம்பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம்" என்றது சுரங்க மேஸ்திரி நாச்சிமுத்துவின் வயிறு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் அவர் எழுபத்தொரு கிலோ. ஐந்து நாள் காவலில் இறங்குவதில் பாதியை ஒவ்வொரு சனி ஞாயிறும் அவரே திரும்ப ஏற்றிக்கொண்டதால்தான் இத்தனை நாள் பிடித்தது. திங்கட்கிழமை காலைக் கலத்தில் பதினான்காம் இருக்கை அவர் பெயரில் இருந்தது. வெள்ளிக்கிழமை பூமி, அடுத்த ஞாயிறு காங்கேயத்தில் மகள் இளவேனிலின் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் வேண்டாமா? மகளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது.

"வாழ்த்துகளுங்க சகல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவியின் தங்கை பூவாத்தாளைக் கட்டியவன், சென்னியப்பன். "நாளைக்கு மத்தியானம் நம்மூட்டுல விருந்துங்க. கல்யாணத்துக்குப் போறவரை வெறும் வயித்தோட அனுப்பிச்சா நல்லாவா இருக்கும்?"

நாச்சிமுத்துவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் மேஸ்திரி வேலை தனக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் சென்னியப்பனுக்கு இன்னும் அடங்கவில்லை. பதினான்காம் இருக்கையின் காத்திருப்புப் பட்டியலில் இருந்ததும் ஒரே ஒரு பெயர்தான், அவன் பெயர். நாச்சிமுத்து அறுபதைத் தாண்டினால் சித்தப்பன் முறைக்கு அவன் போய் மணமேடையில் நிற்பான். அவன் நிறை ஐம்பத்தெட்டு தொள்ளாயிரம். சற்று முன்புதான் அவன் வயிறு ஊரறியச் சொல்லியிருந்தது.

அழைப்பைத் தட்டவும் வழியில்லை. சொந்தக்காரன் வீட்டில் கை நனைக்க மறுத்தால் பகை என்று அர்த்தம். அந்தச் சேதி கலத்துக்கு முன்னால் காங்கேயம் போய்ச் சேர்ந்து, பாதிச் சொந்தம் மண்டபத்துக்கே வராது.

"வர்றேனுங்க சகல" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நிலாப்பாளையத்தில் விருந்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. குடியேறிய முதல் வருடம், வளர்ப்பறையில் விளைந்த எண்ணெய் கெட்டுப்போய், ஒரே பந்தியில் பதினோரு பேர் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து விருந்து வைப்பவர் எதிர் இலையில் உட்கார்ந்து, விருந்தாளி எத்தனை முறை வாங்குகிறாரோ அத்தனை முறை தானும் வாங்கிச் சாப்பிட வேண்டும். அதற்குச் சரியிலை என்று பெயர். எண்ணெய் சுத்தமாகி முப்பது வருடம் ஆகிவிட்டது. வழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சனிக்கிழமை இலையில் பூவாத்தாள் இடியாப்பம் போன்ற சந்தகையை மலையாகக் குவித்தாள். தேங்காய்ப்பால், கொள்ளுப் பருப்பு, போளி மாதிரி ஒப்பிட்டு, வெல்லக் கச்சாயம் எல்லாம் வரிசையாக வந்தன.

"போதும் பூவாத்தா."

"அக்கா கேட்டா நான் என்னங்க மாமா சொல்லுவேன்? ஒரே ஒரு ஒப்பிட்டு."

"எம்பொண்டாட்டி கையால சுட்டதுங்க சகல. கீழ வெச்சீங்கன்னா அவ அழுதுபோடுவா" என்றான் சென்னியப்பன். பூவாத்தாள் அழக்கூடியவளாகவே தெரியவில்லை. நாச்சிமுத்து கடித்தார். சென்னியப்பனும் சிரித்துக்கொண்டே கடித்தான். ஒரு கிலோவுக்கு மேல் இடம் வைத்திருப்பவனுக்கு ஒப்பிட்டு இனிக்காமல் என்ன செய்யும்?

"எச்சரிக்கை. ஐம்பத்தொன்பது தொள்ளாயிரம்" என்றது நாச்சிமுத்துவின் வயிறு. "எச்சரிக்கை. அறுபது நூறு. எச்சரிக்கை. அறுபது முந்நூறு."

"பேசுனா பேசட்டும், உடுங்க. சனிக்கெழம அதுக்கு வாய் மட்டுந்தானே" என்றான் சென்னியப்பன். கை கழுவும்போது காதருகில் வந்து, "பட்டு வேட்டி எடுத்து வெச்சுட்டேனுங்க சகல. நீங்க கவலைப்படாதீங்க. புள்ளைய நான் தாரை வார்த்துக் குடுத்துர்றேன்" என்றான்.

நாச்சிமுத்துவுக்கு கழுவிய கையாலேயே அவனை ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிறு காலை கண் விழித்ததும் வயிறு கணக்கோடு காத்திருந்தது. "அறுபது கிலோ இருநூறு கிராம். நேற்றையது ஒரு வேளைச் சாப்பாடுதான். இன்று முழுவதும் பட்டினி இருந்து, நாக்கை நனைக்கும் அளவு மட்டும் தண்ணீர் குடித்தால் நாளைக் காலை ஐம்பத்தொன்பது எழுநூறு. இருக்கை உறுதி."

சாதாரண வாய்ப்பா அது! பேசாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு நாள் படுத்துக் கிடந்தால் போதும். நாச்சிமுத்துவும் சற்று நேரம் அப்படித்தான் படுத்திருந்தார். ஆனால் கண்ணை மூடினால் மகள் முகம் வரவில்லை, சென்னியப்பனின் பட்டு வேட்டிதான் வந்தது. நேற்றே எல்லாம் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று மனம் குமைந்தது. நான் போகாவிட்டால் போகிறது, அந்தப் படுபாவி போகக் கூடாது!

எழுந்து சென்னியப்பனைக் கூப்பிட்டார். "சகல, நேத்து உங்கூட்டுல நான் கை நனைச்சேன். இன்னிக்கு நம்மூட்டுல நீங்க நனைக்கோணும். முறைக்கு முறை."

"இன்னிக்கா? நான் இன்னிக்கு வயித்தைக் காயப்போடலாம்னு இருந்தனுங்களே."

"ஏனுங்க, பகையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. வர்றேன்."

"தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யவும்" என்றது வயிறு. "சரியிலை வழக்கப்படி தாங்களும் சாப்பிட நேரும்." நாச்சிமுத்து விலாவைத் தட்டி அதன் சத்தத்தைக் குறைத்தார். சனி ஞாயிறு அந்த உரிமையும் உண்டு.

அரிசிம்பருப்புச் சோறு, அதன் மேல் கையகல நெய், கெட்டித் தயிர், எள்ளுருண்டை. தனி ஆளாக நின்று ஆறு பேருக்குச் சமைத்தார். சென்னியப்பன் வந்து உட்கார்ந்ததும், நேற்றுத் தான் கேட்ட அதே வார்த்தைகளை ஒன்று விடாமல் அவனுக்குத் திருப்பிப் பரிமாறினார்.

"போதுமுங்க சகல."

"எங்கையால ஆக்குனதுங்க. கீழ வெச்சீங்கன்னா நான் அழுதுபோடுவேன்."

"எச்சரிக்கை. ஐம்பத்தொன்பது ஐந்நூறு" என்றது சென்னியப்பனின் வயிறு. அவன் இலையை மடிக்கப் போனான். நாச்சிமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார், தனக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டார். இருவரும் கண்ணோடு கண் பார்த்தபடி மென்றார்கள். பேச்சு நின்றுபோய், வயிறுகள் மட்டும் மாறி மாறிப் பேசின. எட்டாவது எள்ளுருண்டையில் சென்னியப்பனுக்கு வியர்த்தது. கொறித்த எள் தொண்டையை அடைக்க, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தான். நாச்சிமுத்து எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"எச்சரிக்கை. அறுபது கிலோ எழுநூறு."

நாச்சிமுத்து நான்கு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அவர் வயிறும் ஒரு பெரிய எண்ணைச் சொன்னது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை நிறையாசனத்தில் முதலில் நாச்சிமுத்து உட்கார்ந்தார். அது நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி நிறையைக் கண்டுபிடிக்கும். அறுபது கிலோ எண்ணூறு. அடுத்தது சென்னியப்பன், அறுபது கிலோ நூறு.

"இருவரும் தகுதியில்லை. பட்டியலில் மூன்றாவது பெயர் இல்லை" என்றது வாசலில் நின்ற அனுப்பன். ஆறு கையும் ஒரு கண்ணும் உள்ள எந்திரம் அது. "இருக்கை காலியாகப் போகக் கூடாது என்பது விதி. பொட்டலங்களில் அறுபது கிலோ எடுத்துக்கொள்கிறேன்."

பொட்டலங்களுக்கா நிலாப்பாளையத்தில் பஞ்சம்? கல்யாண வீட்டுக்கென்று பூவாத்தாள் சுட்ட கச்சாயம், நாச்சிமுத்து வீட்டில் மீந்த எள்ளுருண்டை, ஊரார் கொடுத்த பருப்புப்பொடி, ஊறுகாய். அனுப்பன் ஒவ்வொன்றாக அடுக்கி, சரியாக அறுபது கிலோ ஆனதும் பதினான்காம் இருக்கையின் வாரை இழுத்துக் கட்டியது. நாச்சிமுத்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தார். பழி தீர்த்த சந்தோஷம் அதுவரைதான் தாங்கியது. கலம் கிளம்பியபோது அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு கல்யாணத்தைப் பார்க்கச் சென்னியப்பன் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. பூமியின் படம் தெளிவாகத் தெரியும் திரை அவன் வீட்டில்தான் இருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். திரையில் நாச்சிமுத்துவின் மனைவி தனியாகவே நின்று தாரை வார்த்தாள். அப்பன் இல்லாததால் எதுவும் தடைப்படவில்லை.

பிறகு பந்தியைக் காட்டினார்கள். இப்போதெல்லாம் பூமியிலும் ஆசைப்பட்டு உதரமணி வைத்துக்கொள்கிறார்களாம். இலை போட்டதும் முந்நூறு வயிறுகள் எச்சரிக்கை எச்சரிக்கை என்று கத்தின. யாரோ ஒரு பெரியவர் எழுந்து விரலை ஆட்டினார். உடனே கெட்டிமேளம் முழங்கியது. வயிறுகளின் குரல் அதில் காணாமல் போக, ஊரே நிம்மதியாக நிலாக் கச்சாயத்தைக் கடித்தது.

இளவேனில் மாலையோடு திரைக்கு அருகில் வந்தாள். "அப்பா, கச்சாயம் பத்திரமா வந்து சேந்துருச்சுங்க. நீங்கதான் வரலீங்க."

படம் அணைந்தது. பூவாத்தாள் இரண்டு இலை போட்டாள். அடுத்த வருடம் மகளின் வளைகாப்பு வரும், அதற்கும் ஒரே ஓர் இருக்கைதான் இருக்கும் என்பது பாயில் இருந்த இருவருக்கும் தெரியும்.

சென்னியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சாப்பிடுங்க சகல. ஒரு ஒப்பிட்டுல என்ன ஆயிரப் போகுது?"

"எச்சரிக்கை" என்றது வயிறு.

"இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று நாச்சிமுத்து அதனிடம் சொன்னார். "நாளைக்குத் திங்கக்கெழம. நாளையிலிருந்து பாத்துக்கலாம்."

உதரமணி அதைக் குறித்துக்கொண்டது. அவர் நிலாவுக்கு வந்ததிலிருந்து இது நானூற்று எழுபத்தொன்றாவது முறை.