கணியறைக்கு ஒரு பூட்டு

விடிவது என்ற ஒன்று நிழல்குழிக் குடியிருப்பில் கிடையாது. நிலவின் தென்முனையில், வெயில் எட்டிப் பார்க்காத பள்ளத்துக்குள் கட்டிய ஊர் அது. அங்கே காலை என்பது, கோமதிநாயகம் அண்ணாச்சியின் காதுக்குள் பதித்திருந்த செவிமணி "மாவு புளித்துவிட்டது" என்று சொல்வதுதான்.

அவர் எழுந்து உட்காருவதற்குள் கிரைண்டர் தானாக நிற்கும். வாளிகள் நிரம்பும். குழாய்வண்டி மாவை ஏற்றிக்கொண்டு, காற்று தள்ளத் தள்ள வீடு வீடாக ஓடிவிடும். யார் வீட்டில் இட்லி, யார் வீட்டில் தோசை, யாருக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதை அந்தந்த வீட்டு அடுப்படியே அண்ணாச்சியின் மாவு ஆலைக்குச் சொல்லிவிடும். அண்ணாச்சி பல் தேய்ப்பார். பெரும்பாலும் அதுதான் அவருடைய காலை வேலை.

ஆனால் அந்த ஆலையின் உயிர் ஒரே ஒரு பானையில் இருந்தது. தாய்மாவு. ஊரிலிருந்து ராக்கெட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்த புளிப்பு. நிலவில் சும்மா திறந்து வைத்தால் மாவு புளிக்காது, அங்கே காற்றே வடிகட்டின காற்று. பானை செத்தால் ஆலை செத்தது. பூமியிலிருந்து பொடிமாவு இறக்குகிற கம்பெனிக்காரன் அந்த நாளுக்காகத்தான் கடை பிடித்து வைத்துக் காத்திருந்தான்.

ஆலையின் கணினிகள் இருந்த கணியறையைப் பார்த்துக்கொண்டவள் பவுலின், தூத்துக்குடிக்காரி. அண்ணாச்சி எப்போது எட்டிப் பார்த்தாலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற எவரையும் அவர் நம்பியதில்லை.

"ஏம்மா, என்ன செய்யுத?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

"எத?"

"ஒண்ணும் ஆகாம இருக்கத."

"ஒண்ணும் ஆகாம இருக்கத நானே பாத்துக்கிட மாட்டனா?"

உள்ளே தளக்கணிகள், அதாவது சர்வர்கள், இரண்டு நின்றன. ஒன்று இரைந்துகொண்டிருந்தது. மற்றது ஒரு பச்சை விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

"இது எதுக்கு நிக்கு?"

"அது சாஞ்சா இது எந்திரிக்கும்."

"அது எப்ப சாஞ்சுது?"

"இன்னும் சாயல."

"அப்ப வந்த நாளிலருந்து சும்மா நின்னு கரண்ட தின்னுருக்கு. ரெண்டு மாப்பிள்ளைய வச்சிக்கிட்டா ஒரு கல்யாணம் பேசுவாக?"

"ஒரு மாப்பிள்ள ஓடிட்டா என்ன செய்வீக?"

"என் மாப்பிள்ள ஓடமாட்டான். நீ அரைநாள் வந்தாப் போதும்."

சும்மா நின்றதைக் கழற்றிக் கடை முகப்புக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து அது சுற்றுகிற இட்லிப் படம் காட்டியது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அண்ணாச்சிக்குத் திருப்தி.

கொஞ்ச காலம் கழித்து, ஊரே சட்டினி அரைத்து வைத்துக் காத்திருந்த வேளையில், மாப்பிள்ளை ஓடிவிட்டான். தளக்கணிக்குள் விரற்கடை அளவு ஒரு சில்லு வெந்துபோயிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கிரைண்டர், பானை, குழாய், இதுதான் ஆலை என்று அண்ணாச்சி எண்ணியிருந்தார். அத்தனையும் நல்லபடியாகத்தான் இருந்தன. ஆனால் சுற்றச் சொல்ல ஆளில்லாமல் கிரைண்டர் நின்றது. எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் குழாய்வண்டி நடுவழியில் நின்றது. யார் வந்திருப்பது என்று கேட்கவும் வழியில்லாமல் கதவுகள் மூடிக்கொண்டன. தாய்மாவு அறையின் சூடு இறங்கத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது எந்த மார்கழியும் கண்டிராத குளிர்.

கடப்பாரையால் கதவை நெம்பித்தான் உள்ளே போனார்கள். அண்ணாச்சி சட்டைப் பொத்தானைக் கழற்றி, பானையை வயிற்றோடு அணைத்து, மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தினார். பல் கிடுகிடுத்தது. பவுலின் முகப்புக்கு ஓடி, சுற்றிக்கொண்டிருந்த இட்லியைப் பாதியில் அணைத்துவிட்டு, அந்தத் தளக்கணியைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தாள். நிலவில் அது பெரிய கனமில்லை. இருந்தாலும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஆலை மறுபடி இரைந்தபோது அண்ணாச்சியின் மடியில் மாவு வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். புளிப்பு இருந்தது. அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் வேலைக்காரர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

"எல்லாம் இதுலயா இருக்கு?" என்று கேட்டார்.

"எல்லாம் இதுலதான் அண்ணாச்சி. அஸ்திவாரம் மாதிரி. குடியிருக்கவங்க கண்ணுக்குப் படாது."

அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் இல்லை. வெந்துபோன தளக்கணிக்குப் புதுச் சில்லு வரவழைத்தார். இரண்டையும் பழைய இடத்தில் சேர்த்து நிறுத்தினார். பவுலினுக்குச் சம்பளத்தைக் கூட்டி, தலைமைக் காப்பாளர் என்று பட்டமும் கொடுத்தார். இதுவரைக்கும் நல்ல காரியம்.

பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஒரு பட்டு சாத்தினார். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். கணியறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். சேதி பரவி, பிராணவாயு உருளைக் கடைக்காரர் வந்து பார்த்தார். கவச உடை தைக்கிறவர் வந்தார். போய் அவரவர் கணியறைக்கும் பட்டு வாங்கினார்கள். நிழல்குழி வியாபாரிகளுக்குத் தொழில்நுட்பத்தின் அருமை ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

பவுலினின் நாற்காலி பூட்டிய கதவுக்கு வெளியே வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்தத் துணிய எடுக்கணும். காத்து போகல. ஒண்ண நிறுத்தி ஒண்ண ஓட்டித் தூசி தட்டணும்."

"நிறுத்தவா?"

"ஒருக்கா நிறுத்திப் பாத்தாத்தான் மத்தது எந்திரிக்குதான்னு தெரியும்."

"ஓடிக்கிட்டு இருக்கத ஏம்மா நோண்டுத? அன்னைக்கு நான் கை வச்சேன், பட்டேன். இனி ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நான் உள்பட."

"கை வைக்கத்தான அண்ணாச்சி எனக்குச் சம்பளம்?"

"காவலுக்கும்தான் தாரேன். உக்காரு."

இப்போது அவள் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு காலையில் செவிமணி, மாவைப் பற்றிச் சொல்லாமல், "கணியறையில் வெப்பம் கூடுகிறது. கதவைத் திறக்கவும்" என்றது. அதன் வழியாகப் பேசுகிற தளக்கணி தன்னைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அண்ணாச்சிக்கு மேல் சிலிர்த்தது. வாசலில் பவுலின் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கேட்டியா, பேசிட்டு," என்றார்.

"கேட்டேன். சாவியத் தாங்க."

"குளிக்காமலா?"

நிலவில் குளியல் என்பது ஈரத்துணியால் துடைப்பதுதான். ஆனாலும் அவர் பொறுமையாகத் துடைத்தார், வேட்டி மாற்றினார், திருநீறு பூசினார். பூட்டிய அறைக்குள், ஒரே பட்டின் கீழ், இரண்டு தளக்கணிகளும் ஒன்றாகச் சூடேறிப் புத்தி தடுமாறின. தாய்மாவு அறையின் சூட்டை ஏற்றிக்கொண்டே போன அவற்றுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அவர் சாவியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோது பவுலின் வாசலில் இல்லை. பானை அறைப் பக்கமிருந்து, முழங்கை வரை மாவு ஒட்டியிருக்க, மெதுவாக நடந்து வந்தாள். இனி ஓடி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பானை வெந்துட்டு அண்ணாச்சி. அடங்காமப் பொங்கி வெளிய வருது."

அவர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"பொங்கிட்டா? எந்தப் பக்கமா?"

 பவுலின் கையிலிருந்த மாவைச் சுவரில் துடைத்தாள்.

"எல்லாப் பக்கமும்தான்."

"எல்லாப் பக்கமுமா," என்று அண்ணாச்சி கண்ணை மூடிக் கை கூப்பினார்.