வானத்து ஒலிநாடா

காலை ஒன்பது மணிக்கே பேராசிரியர் ஓர்லிட்ஸ்கி காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வோல்காவின் கிழக்குக் கரையில் இருந்த சிறிய கண்காணிப்பு நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. பூமியைச் சுற்றிய முதல் செயற்கைக்கோளின் ஒலியை அங்கே நாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். கோளின் மின்கலம் தீர்ந்து நான்கு நாளாயிற்று. இனி அந்த ஒலி வானத்திலிருந்து வராது. மாலை ரயிலில் மாஸ்கோவுக்குப் போகவேண்டிய அந்த நாடாவைத்தான் காணவில்லை.

கேப்டன் புருஸ்னிகின் தேநீர் ஊற்றிக் கொடுத்து, அவரை நிதானமாகப் பேசவிட்டார். விடியற்காலையில், கோளை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கூடு ஊருக்கு மேலே நட்சத்திரம்போல் கடந்திருக்கிறது. அதைப் பார்க்க நிலையத்தில் இருந்த மூவரும் வெளியே போயிருக்கிறார்கள். பேராசிரியர் கூரைமேல், ரேடியோப் பணியாளன் வென்யமின் முற்றத்தில், தட்டச்சு செய்யும் தைசியா பின்சந்தில். திரும்பி வந்தால் அலமாரி காலி. சாவி எப்போதும் ஆணியில்தான் தொங்கும்.

"மத்தியானம் நகரத்துலேர்ந்து பாதுகாப்பு அதிகாரி வர்றார்" என்றார் பேராசிரியர். "வென்யமினோட அப்பா கைதி முகாம்ல இருந்துட்டு வந்தவர். அது ஒண்ணு போதும் அவங்களுக்கு. பையனக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சார்ஜென்ட் பாயினா கண்காணிப்பு நிலையத்துக்குப் போகும் வழியிலேயே முடிவு கட்டிவிட்டாள். வென்யமின்தான் எடுத்திருப்பான், வானொலிப் பைத்தியம் அவன் என்றாள். தைசியா பாவம், வேலை என்று போன புருஷன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை, இன்னொருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊரே பேசுகிறது என்றும் சொன்னாள். கேப்டன் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

நிலையத்தில் அவர் எதையும் சோதனை போடவில்லை. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, விடியற்காலையில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், ஆலைப் புகைபோக்கிக்கு மேல வந்துச்சு" என்றான் வென்யமின். "தலைக்கு மேல ஏறி, ரயில் நிலையத்துப் பக்கம் மங்கிப்போச்சு."

தைசியா கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரயில் நிலையத்துப் பக்கம் எழும்பிச்சுங்க. அப்படியே ஆத்தத் தாண்டிப் போயிடுச்சு. அழகா இருந்துச்சு."

பாயினா இரண்டையும் எழுதிக்கொண்டாள். ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருப்பது அவள் கண்ணில் பட்டது. "பையன் பொய் சொல்றான் சார்" என்று கிசுகிசுத்தாள். "சூரியன், நட்சத்திரம் எல்லாம் கிழக்குலதான உதிக்கும்?"

கேப்டன் மூவரையும் ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்தார்.

"பூமி சுத்துற வேகமும் சேரணும்னுதான் ராக்கெட்டக் கிழக்குப் பக்கமா ஏவுறாங்க. அதனால அது மேற்குல, ஆத்துப் பக்கம் எழும்பி, கிழக்குல, ரயில் நிலையத்துப் பக்கம் மறையும். நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும். பாக்காதவங்க சூரியன நினைச்சுக்கிட்டு சொல்லுவாங்க. சரிதானே பேராசிரியரே?"

பேராசிரியர் மெதுவாகத் தலையசைத்தார். வென்யமின் தைசியாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்து, தன் பையிலிருந்து நாடாச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்குக் குடுத்துடலாம்னு நினைச்சேன். இன்னைக்கே ரயில்னு தெரியாது. வென்யா, உன்மேல பழி விழும்னு நான் நினைக்கவே இல்லப்பா. விழுந்தப்புறம் வாயத் திறக்க பயமா இருந்துச்சு."

அவள் மகள் ரிம்மா ஆறு வாரம் காய்ச்சல் வார்டில் கிடந்தவள், நேற்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஊரெல்லாம் வானொலியில் அந்த ஒலியைக் கேட்டபோது அவள் மட்டும் கேட்கவில்லை; அவளுக்காகத்தான் தைசியா சுருளை எடுத்திருக்கிறாள். அப்பா ஓடிப்போய்விட்டாராமே என்று வார்டில் குழந்தைகள் அவளைச் சீண்டியிருக்கிறார்கள்.

"அவ அப்பா கிளம்புறப்ப ஒண்ணு சொன்னார்" என்றாள் தைசியா. "வானத்துலேர்ந்து என்னைக்காவது ஒரு சத்தம் கேட்டா..."

"போதும்மா" என்றார் கேப்டன். "அவர் எங்க, என்ன வேலையில இருக்காருன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல. சுருள் வேற பெட்டியில மாறிக் கிடந்துச்சு. பாயினா, அப்படியே எழுதிக்கோ."

பாயினா அப்படியே எழுதினாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் ரிம்மாவை அழைத்து வந்தாள். மொட்டையடித்த தலையில் கம்பளிக் குல்லா போட்ட சிறுமி, இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். நாடாவை அதில் பொருத்தியவன் வென்யமின்.

பீப், பீப், பீப் என்று அறை நிறைந்தது.

ரிம்மா கண்ணை மூடிக் கேட்டாள். ஒலி நின்றதும் அம்மாவைப் பார்த்தாள். "இத யாரும்மா செஞ்சாங்க?"

தைசியா மகளின் குல்லாவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சிறுமி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேறொன்றும் கேட்காமல் பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ போடுவீங்களா?"

பேராசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாடாவைத் தானே பின்னோக்கிச் சுற்றினார்.